ஐந்து மீட்டரில் நின்ற தண்ணீர்

மஞ்சக்கரட்டுப்புதூரில் கிணற்றுத் தண்ணீர் நான் எழுதியபடி ஏறி, நான் எழுதியபடி இறங்கிய அந்த வருஷத்தில்தான் எங்கள் சிவப்பு மாடு இரட்டைக் கன்று போட்டது, பால் சொசைட்டிக்குப் புதுத் தராசு வந்தது, பஞ்சாயத்துத் தலைவர் குப்பண்ணனுக்குக் கோயமுத்தூரில் இடுப்பெலும்பு மாற்றினார்கள். இதில் எது பெரிய சங்கதி என்று ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், தண்ணீரை மட்டும் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

பால் சொசைட்டிக்குப் பக்கத்தில், எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. ஆழம் அறுபது மீட்டர். நிலத்துக்கடியில் தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் இறக்கிய குழாய் அது. அதிலிருந்து யாரும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது, பார்க்க மட்டும்தான் செய்யலாம். மேலே மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பூட்டைத் திறந்து, நுனியில் பித்தளைக் குமிழ் கட்டிய டேப்பை உள்ளே விட்டு, குமிழ் தண்ணீரைத் தொட்டு 'ளொப்' என்று சொல்லும் இடத்தில் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று நீல அட்டை ரிஜிஸ்டரில் எழுதி, அந்த எண்ணை மாவட்டத் தலைநகரத்தில் இருக்கும் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஊரில் அதற்குத் தண்ணி ஆபீஸ் என்று பேர். என் மாமனார் பார்த்த வேலை. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், "எனக்கு மில்லுல ஷிப்டு இருக்குது, நீ பாத்துக்க துளசிமணி" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுதத் தெரியும், கழிக்கத் தெரியும், பயப்படத் தெரியும். அந்த வேலைக்கு மூன்றும் போதும்.

சாவியை ஒரு மஞ்சள் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகியிருப்பேன். தண்ணீர் ஏறிய அந்த வருஷத்துக்கு ஆறு வருஷம் முன்னால் ஒரு புரட்டாசியில், குழாய்க்கு மேல் குனிந்தபோது அது நழுவி உள்ளே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பால் ஊற்ற ஆட்கள் கேனை ஆட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அரசாங்கத்துக் குழாயைத் திறந்து போட்டுவிட்டு நிற்கிறாள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பதற்றத்தில் மூடியைப் போட்டுப் பூட்டை அமுக்கினேன். 'க்ளிக்' என்றது. அதற்குப் பிறகுதான் பூட்டு வெளியேயும் சாவி உள்ளேயும் இருப்பது எனக்கு உறைத்தது.

ஆபீசில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அரசாங்கச் சொத்தைத் தொலைத்தவள் என்று எழுதுவார்கள், எழுதினால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் என் வீட்டுக்காரருக்கு மில்லில் கெட்ட பேர் வரும் என்று நினைத்து நினைத்து, அந்த மாதக் கணக்கை மனசிலிருந்தே எழுதி அனுப்பினேன். மழை மாதத்தில் எண்ணைக் குறைப்பேன், வெயில் மாதத்தில் கூட்டுவேன், கார்த்திகையில் தூறல் போட்டால் பத்து சென்டிமீட்டர் விட்டுக்கொடுப்பேன். இப்படியே ஆறு வருஷம். என் எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன என்று தண்ணி ஆபீஸ்காரர்கள் ஒரு விழாவில் என்னை மேடையேற்றி, 'சிறந்த நீர்மட்டப் பதிவாளர்' என்று ஒரு சான்றிதழும் ஆறு எவர்சில்வர் டம்ளரும் கொடுத்தார்கள். டம்ளர்களை அட்டைப் பெட்டியோடு பரண் மேல் வைத்தேன். ஒன்றிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் மூன்றாம் தேதி நான் இருபத்தேழு மீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். ஊர்க் கிணறுகள் முப்பது மீட்டர் ஆழம். எல்லாவற்றிலும் அடியில் கொஞ்சம் சேறும் கொஞ்சம் தண்ணீரும் தெரிந்தன. ஆனால் சிவப்பு மாடு கன்று போட இரண்டு நாள்தான் இருந்தது, வயிறு வேறு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, நான் அந்தக் கவலையில் ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு சொசைட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து செக்ரட்டரி தங்கமுத்து, எங்கள் கறுப்பு மாட்டுப் பாலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "துளசக்கா, உங்களுது கொழுப்பு நாலு புள்ளி ரெண்டு!" என்று கத்தினார். நான் நாலு புள்ளி இரண்டு என்று எழுதி, தேதி போட்டு, ரிஜிஸ்டரை மூடிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஊரிலுள்ள எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் தரையிலிருந்து நாலு மீட்டர் இருபது சென்டிமீட்டரில் நின்றது.

முதலில் வந்தது புகார்தான். தென்னந்தோப்பு ராயப்பண்ணன் கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்திருந்தார். "மழையில்ல, மாரியில்ல, எவன்டா என்ற மோட்டார முழுவ வெச்சது?" என்று சொசைட்டி முன்னால் நின்று சத்தம் போட்டார். பள்ளத்து வீட்டு அருக்காணி, எட்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்த தன்னுடைய பித்தளைக் குடம் மிதந்து வந்ததாகவும், அதற்குள் வேறு யாருடையதோ ஒரு சொம்பு இருந்ததாகவும், சொம்புக்காரர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். தங்கமுத்து அன்றைக்கு எல்லார் பாலிலும் பால்மானியை இரண்டு தடவை விட்டுப் பார்த்தார். கிணற்றில் தண்ணீர் ஏறினால் பாலிலும் ஏறும் என்பது அவருடைய அனுபவம். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஒன்பது பேர், யாருடைய வேண்டுதல் பலித்தது என்று ஒன்பது நாள் பேசினார்கள். அதற்குள் கிணறுகளுக்குத் தவளை வந்தது, தவளைக்குப் பின்னால் நீர்ச்சாரை வந்தது, சாரையைப் பார்க்க மயில் வந்தது, எங்கிருந்து என்று தெரியாமல் கெண்டை மீன் வந்தது. டேங்கர் லாரி மயில்சாமி அதைப் பொரித்துத் தின்றுவிட்டு, முள் ஜாஸ்தி என்றான். பத்தாம் நாள் ஊரார் மழையில்லாமல் ஏறிய தண்ணீரை விட்டுவிட்டு எங்கள் சிவப்பு மாட்டின் இரட்டைக் கன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் மட்டும் அந்த நாலு புள்ளி இரண்டை விட்டு நகரவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தவள் நான் ஒருத்திதானே. மே மாதம் பயந்து பயந்து, சோதனைக்காக, நாலு புள்ளி ஒன்று ஐந்து என்று எழுதினேன். விடிந்ததும் கயிற்றில் கல்லைக் கட்டி ராயப்பண்ணன் கிணற்றில் விட்டுப் பார்த்தேன். சரியாக ஐந்து சென்டிமீட்டர் ஏறியிருந்தது. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் பொய் எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது எழுதுவதெல்லாம் மெய்யாகிறது. இதில் எதற்கு அரசாங்கம் அதிகமாகத் தண்டிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மனசு தாங்காமல் அருக்காணியிடம் சொன்னேன்.

"உன்ற குலதெய்வத்து மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது, அருக்காணி."

"நானெதுக்குக்கா சொல்றேன்? எனக்கு இருக்கற சோலிக்கு."

அது காலை பத்து மணி. சாயங்காலம் நான் பால் ஊற்றப் போனபோது வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். யாரும் எப்படி என்று கேட்கவில்லை. தங்கமுத்து மட்டும் குனிந்து, "அந்த ரிஜிஸ்டர எலி கடிக்காத எடத்துல வெச்சிருக்கீங்ளாக்கா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் என் வீட்டு வாசலில் செருப்பு குறையவே இல்லை. ராயப்பண்ணன் இரண்டு குலை இளநீரோடு வந்து இரண்டு மீட்டர் கேட்டார், அருக்காணி, தன் வீடு பள்ளத்தில் இருக்கிறது, சமையல்கட்டில் தரை கசிகிறது, அடுப்புக்குள் தவளை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி ஆறு மீட்டர் கேட்டாள், மயில்சாமி, "உங்கூர்ல தண்ணி இருந்தா என்ற லாரிய நான் எங்க ஓட்டறது?" என்று இருபத்தெட்டு கேட்டுவிட்டு, இங்கே நிரப்பி வெளியூருக்கு ஓட்டலாமே என்று யாரோ சொன்னதும் வாசல்படி இறங்குவதற்குள் மூன்றுக்கு மாறினான், காதுகுத்து வைத்தவர்கள் பத்திரிகையோடு வந்து அந்த வாரம் மட்டும் ஒரு அரை மீட்டர் கேட்டார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் எண்கள் தெளிவாக விழ ஒரு நல்ல பேனா கொடுத்தார், அந்த வாரத்தில் ஒரு நாள் பெண்கள் சேர்ந்து வந்து ரிஜிஸ்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைப் பூச் சுற்றி, அதன் முன்னால் எங்கள் பக்கத்துப் போளியான ஒப்பிட்டைச் செய்து வைத்துப் படைத்தார்கள். படைத்த ஒப்பிட்டைத் தின்ன நான் மட்டும் பயந்தேன்.

கடைசியில் தங்கமுத்து சொசைட்டியில் ஒரு கமிட்டி போட்டார். தராசு மேடையைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து நாள் பேசினார்கள். வாழ்க்கையில் மீட்டர் என்றால் ஆட்டோவில் இருப்பது என்று நினைத்திருந்தவர்களெல்லாம், "நாலே முக்கால்னா என்ற கத்திரிக்கு வேரழுவிப் போயிருமுங்க" என்று பேச ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் ஐந்து மீட்டர் என்று முடிவானது. எல்லாருக்கும் சம அளவில் பிடிக்காத எண் அது ஒன்றுதான்.

ஜூன் மாதம் ஐந்து என்று எழுதினேன். ஜூலையில் ஐந்து, ஆகஸ்டில் ஐந்து, செப்டம்பரில் ஐந்து, அக்டோபரில் ஐந்து. அந்த ஐந்து மாதமும் ஊர் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சண்டை இருந்தது, ஆனால் தண்ணீருக்காக இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில், மகன் வீட்டில் மாதக்கணக்காகப் படுத்திருந்த தலைவர் குப்பண்ணன் ஊன்றுகோலோடு காரில் வந்து இறங்கினார். தான் இல்லாத நேரத்தில் ஊரில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டார்கள் என்பது அவருக்கு இடுப்பைவிட அதிகமாக வலித்தது. நேரே என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே கமிட்டியும் வந்தது.

"எத்தன மீட்டரு எழுதறே?"

"அஞ்சுங் மாமா."

"அஞ்சா? நான் தலைவரா இருக்கற ஊருக்கு வெறும் அஞ்சா? பக்கத்தூர்க்காரன் கேட்டாச் சிரிக்க மாட்டானா? இருவத்தஞ்சு எழுது."

"மாமா, இது தரையிலிருந்து கீழ அளக்கறதுங்க. எண்ணு கூடக் கூடத் தண்ணி கீழ போயிருமுங்க."

"ஏம்புள்ள, பரீட்சைல அஞ்சு மார்க்கு பெருசா, இருவத்தஞ்சு மார்க்கு பெருசா?"

"இருவத்தஞ்சுதானுங் பெருசு. ஆனா..."

"பால்ல அஞ்சு லிட்டரு பெருசா, இருவத்தஞ்சு லிட்டரு பெருசா?"

தங்கமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் தலைவரின் சம்சாரம் அவருக்குப் பின்னாலிருந்து எங்கள் எல்லாரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எதுத்துப் பேசாதீங்க சாமி, டென்சன் ஆனா எலும்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னாள். கமிட்டி தலையைக் குனிந்துகொண்டது. இத்தனை லட்சணமான ஊர் வேறெங்கே இருக்கும்? ஒரு மனுஷனுடைய இடுப்பெலும்புக்கு மரியாதை கொடுத்து, தெரிந்தே, எல்லார் கண் முன்னாலும், நான் இருபத்தைந்து என்று எழுதினேன்.

மறுநாள் கயிறு எட்டவில்லை. மோட்டார்கள் காற்றை உறிஞ்சின. கெண்டை மீன்கள் கிணற்றுப் படிகளில் வாயைப் பிளந்து கிடந்தன. தலைவர் தன் கிணற்றுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டா வேலை செய்யுதான்னு ஒரு டெஸ்ட் பாத்தேன். செய்யுது" என்றார்.

அடித்து எழுது என்றாள் அருக்காணி. ரிஜிஸ்டரில் மாதத்துக்கு ஒரு வரிதான். அடித்தல் திருத்தல் கூடாது என்று என் மாமனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதோடு, அந்த எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்தால் கிணற்றுக்குள் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? டிசம்பர் வரை பல்லைக் கடித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

ஏப்ரலில் இருபது மீட்டருக்கு மேல் ஏறியபோது வாய் திறக்காத ஆபீசிலிருந்து, டிசம்பர் பிறப்பதற்குள் கடிதம் வந்துவிட்டது. ஒரே மாதத்தில் நீர்மட்டம் இருபது மீட்டர் இறங்கியிருப்பது ஆய்வுக்குரியது என்றும், டிசம்பர் இரண்டாம் தேதி நிலவியல் அதிகாரி நேரில் வருவார் என்றும், பதிவாளர் ரிஜிஸ்டருடனும் சாவியுடனும் குழாயருகே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 'சாவியுடனும்' என்ற வார்த்தையை நான் படித்த தடவைக்கு அந்தக் காகிதம் கிழிந்திருக்க வேண்டும்.

கமிட்டி கூடியது. குழாயைத் திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ, அதை அதிகாரி ரிஜிஸ்டரில் எழுதுவார். ஒருவேளை அதில் தண்ணீரே இல்லாவிட்டால், 'வறண்டது' என்று ஒரே வார்த்தை எழுதுவார். அந்த ஒரு வார்த்தை விழுந்தால் மறுநாள் காலை நானூறு வீட்டுக்கும் எழுநூறு மாட்டுக்கும் ராயப்பண்ணனின் தென்னைக்கும் தண்ணீர் இருக்காது. "ஆயிரமடிக்கு போரு போட்டாலும் புழுதிதான் வரும்" என்றார் தங்கமுத்து. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாவி விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். பிறகு மயில்சாமி, "அதுக்குள்ளயேவாக்கா போட்டீங்க?" என்றான்.

அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார். பேர் பெனிட்டா. நாகர்கோவில் பக்கம். முப்பது வயது இருக்கும், ஒல்லி, தலையில் பெரிய தொப்பி, கையில் சிவப்புப் பெட்டி. பெட்டிக்குள் தண்ணீரைத் தொட்டால் 'பீப்' என்று கத்தும் டேப். வந்ததும் ராயப்பண்ணன் கிணற்றை அளந்தார். இருபத்தைந்து மீட்டர். முகம் சுருங்கியது.

"என்ன இது, பாயின்ட்டுக்குப் பிறகு ரெண்டு பூஜ்யம்? எந்தக் கிணறும் இப்படி அளவு எடுத்துத் தச்ச மாதிரி நிக்காதே" என்றார்.

ஊர் தன்னால் முடிந்ததைச் செய்தது. ராயப்பண்ணன் இளநீர் வெட்டினார். அருக்காணி இலை போட்டு ஒப்பிட்டு வைத்து, அந்தக் குழாயில் நாகம் குடியிருக்கிறது, ஐந்து தலை, தான் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னாள். தலைவர் தன் இடுப்பு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பெனிட்டா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "சாவி?" என்றார்.

"உள்ள இருக்குதுங்க" என்றேன்.

"எடுத்துட்டு வாங்க."

"ஊட்டுக்குள்ள இல்லீங்க. அதுக்குள்ள." குழாயைக் காட்டினேன்.

"எப்போ விழுந்துச்சு?"

"ஆறு வருசம் ஆச்சுங்க."

மயில்சாமி கடப்பாரையால் பூட்டை உடைத்தான். பெனிட்டா டேப்பை இறக்கினார். பத்து மீட்டர், இருபது, இருபத்தைந்து, முப்பது; ஊரே குழாயைச் சுற்றி நின்று அந்தப் 'பீப்'புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அறுபதில் டேப் தொளதொளவென்று தளர்ந்தது. சத்தமே இல்லை. மேலே இழுத்தபோது நுனியில் என் மஞ்சள் கயிறு சிக்கி, அதில் சாவி ஆடிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் கழித்து எனக்குச் சாவி கிடைத்தது. பூட்டு அப்போதுதான் இரண்டு துண்டாகியிருந்தது.

பெனிட்டா கயிற்றை விரலில் தேய்த்துப் பார்த்தார். "மஞ்சள்கூட வெளுக்கல்லை. இதுல ஆறு வருஷமா சொட்டுத் தண்ணி கிடையாது. அப்போ நீங்க அனுப்புன ரீடிங் எல்லாம்?"

மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது போல இருந்தது. "மனசுல இருந்து எழுதுனதுங்க" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த காலிப் பால் கேனின் மேல் உட்கார்ந்துவிட்டார். "உங்க எண்களை வச்சு நான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கேன், அம்மா. மஞ்சக்கரட்டுப் பாறையில வெடிப்பு எந்தத் திசையில ஓடுதுன்னு. டெல்லியில போய் வாசிச்சேன்."

"எந்தத் தெசைலீங்க ஓடுது?" என்று ராயப்பண்ணன் ஆவலாகக் கேட்டார். அருக்காணி அவரைக் கிள்ளினாள்.

பெனிட்டா எழுந்தார். "சரி. இனிமே இதுல ஒரு எழுத்துகூடப் பொய் இருக்கக் கூடாது. வறண்டதுன்னு எழுதணும்."

"எழுதிப் போட்டீங்கன்னா எங்க கெணறெல்லாம் காஞ்சு போயிருமுங்க மேடம்" என்றார் தங்கமுத்து. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போல, நாலு புள்ளி இரண்டிலிருந்து இருபத்தைந்து வரை எல்லாவற்றையும் சொன்னார். பெனிட்டா கேட்டுக்கொண்டார். நம்பவில்லை, கோபப்படவும் இல்லை.

"நான் பார்த்ததைத்தான் பதியணும், அண்ணா. கிணறு நம்புதோ இல்லையோ. ரூல்படி எழுதுறது பதிவாளர் கை, கையெழுத்து மட்டும்தான் என்னது. அம்மா, நீங்களே எழுதுங்க."

வாத்தியார் கொடுத்த பேனா என் கைக்கு வந்தது. இந்த வேலையில் எனக்கு இதுதான் கடைசி வரி என்று தெரியும். மனசிலிருந்து எழுதவும் முடியாது, அந்த ஒற்றை வார்த்தையை எழுதவும் கை வராது. அப்போதுதான் அந்த ரிஜிஸ்டரை நான் முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். தேதிக்கு ஒரு கட்டம், ஆழத்துக்கு ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில், என் மாமனார் காலத்திலிருந்து யாரும் தொடாத, 'குறிப்பு' என்ற அகலமான ஒரு கட்டம்.

"மேடம், வெறுமனே வறண்டதுன்னு எழுதாம, குழாய் வறண்டதுன்னு எழுதலாமுங்களா?"

"எழுதுங்க. அதுதானே சரியும்கூட."

ஆழக் கட்டத்தில், 'குழாய் வறண்டது' என்று எழுதினேன். குழாய் ஏற்கெனவே வறண்டுதான் கிடந்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. பேனாவைக் குறிப்புக் கட்டத்துக்கு நகர்த்தி, 'ஊர்க் கிணறுகளில் தண்ணீர்' என்று ஆரம்பித்தேன். பின்னால் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தது.

"ரெண்டு போடு துளசி" என்றார் ராயப்பண்ணன்.

"ஆறுக்கா, ஆறு, என்ற அடுப்பு" என்றாள் அருக்காணி.

"பூஜ்யம்! பூஜ்யம் போடு புள்ள!" என்று ஊன்றுகோலைத் தட்டினார் தலைவர். அவருக்கு இப்போது கணக்குப் புரிந்திருந்தது, ரொம்பவே.

நான் 'ஐந்து மீட்டர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

பெனிட்டா முகம் சிவந்துவிட்டது. "அம்மா! காலையில நானே அளந்தேன், இருபத்தஞ்சு. என் கண்ணு முன்னாலயே பொய் எழுதுதீங்களே."

"மை காயறதுக்குள்ள ஒருக்கா அளந்து பாருங்க மேடம். பொய்யா இருந்தா என்னையப் போலீசுல புடிச்சுக் குடுங்க" என்றேன். இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

எல்லாரும் ராயப்பண்ணன் கிணற்றுக்கு நடந்தோம். அத்தனை தூரமும் நான் மனசுக்குள், நேற்று வரை விடிந்துதானே ஏறியது, இப்போது பட்டப்பகல் பன்னிரண்டு மணியாயிற்றே என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். கிணற்று மேட்டை எட்டும் முன்பே தவளைச் சத்தம் கேட்டது. பெனிட்டா டேப்பை இறக்கினார். ஐந்து மீட்டரில் 'பீப்' என்றது. வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி விட்டார். 'பீப்'. பெட்டியில் பேட்டரியை மாற்றினார். 'பீப்'. மூன்றாவது தடவைக்குப் பிறகு கிணற்று மேட்டில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். ஒரு கெண்டை துள்ளி விழுந்தது.

"எங்க படிப்புல இதுக்குப் பேர் கிடையாது" என்றார்.

"பேரெதுக்குங் மேடம்? ஒப்பிட்டு இன்னொண்ணு வெக்கட்டுங்ளா?" என்றாள் அருக்காணி.

தின்றுவிட்டு, ரிஜிஸ்டரில் என் வரிக்குக் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு மிச்சமிருந்த எல்லாப் பக்கங்களையும் குறுக்கே கோடு இழுத்து முடித்து, ரிஜிஸ்டரைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "இது பயப்படுறவங்க கையிலயும் இருக்கக் கூடாது" என்று என்னைப் பார்த்தார். "பயப்படாதவங்க கையிலயும் இருக்கக் கூடாது" என்று தலைவரைப் பார்த்தார். என் வேலை அன்றோடு போயிற்று. நான் ஓடிப்போய்ப் பரணிலிருந்து டம்ளர் பெட்டியை இறக்கி அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்றார், கொடுத்த நாளிலிருந்து அதைப் பார்த்து எனக்குத் தூக்கமில்லை என்றதும் வாங்கிக்கொண்டார்.

இப்போது குழாய் இருந்த இடத்தில் சூரிய வெளிச்சத்தில் ஓடும் ஒரு மெஷின் நிற்கிறது. அதன் கம்பியை ராயப்பண்ணன் கிணற்றில் விட்டிருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் தானாகவே ஆபீசுக்குச் செய்தி அனுப்புகிறது: ஐந்து, ஐந்து, ஐந்து. ரிஜிஸ்டரில் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் எழுதாததால், போன வருஷம் பெய்த பேய்மழையிலும் தண்ணீர் ஒரு விரல் ஏறவில்லை, இந்த வருஷத்து வெயிலிலும் ஒரு விரல் இறங்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று நினைத்து ஆபீசிலிருந்து மாதம் ஒரு ஆள் வந்து கழற்றி மாட்டிவிட்டுப் போகிறார். ராயப்பண்ணன் இரண்டு மீட்டருக்கும் அருக்காணி ஆறு மீட்டருக்கும் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பஸ் ஏறித் தண்ணி ஆபீசுக்குப் போகிறேன். ரிக்கார்டு ரூமில் ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டால்? யாராவது அதில் தெரியாமல் ஒரு போன் நம்பரை எழுதிவிட்டால்? அந்துருண்டை மாற்றி, வேப்பிலை வைத்து, ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பெனிட்டா மேடம் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொள்வார்.

போன மாதம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அருக்காணியிடமிருந்து போன்.

"அக்கா, கெணத்துத் தண்ணி டீக் கலர்ல வருதுக்கா!"

ரிக்கார்டு ரூமுக்கு ஓடினேன். யாரோ ரிஜிஸ்டரை எதற்கோ பிரித்து வைத்திருந்தார்கள். பியூன் என்னுடைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் டீயை ஊற்றி, சரியாக என் கடைசி வரியின் மேல் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். டம்ளரைத் தூக்கி, முந்தானையால் அந்த ஈர வட்டத்தை எழுத்து கலையாமல் ஒற்றி ஒற்றி எடுத்து, காற்றுக்குக் காட்டி, உலர்ந்ததும் மூடினேன். பிறகு அருக்காணியைக் கூப்பிட்டேன்.

"இப்ப எப்பிடி இருக்குது?"

"தெளிஞ்சு போச்சுக்கா, பழையபடி அஞ்சுலதான் நிக்குது" என்றாள். "ஆனா நாங்கெல்லாம் ஆளுக்கு ஒரு டம்ளர் புடிச்சு வெச்சுக்கிட்டோம். அங்க டீப் போட்டது யாரோ, அந்தாளுகிட்டச் சொல்லுங்க, சக்கரை கொஞ்சம் பத்தல."